எங்கள் வீட்டுக் குதிரை மட்டும் வரவில்லை

போன ஏப்ரல் 25ஆம் தேதி காலையில், பெர்த்தில் இருக்கும் என் அத்தை மகன் வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ அனுப்பியிருந்தான். அங்கே அன்று அன்சாக் நாள். 1915இல் துருக்கியின் கலிப்பொலியில் இறங்கிய ஆஸ்திரேலிய, நியூசிலாந்துச் சிப்பாய்களை நினைத்து விடியற்காலை இருட்டிலேயே எல்லோரும் கூடுவார்கள். அந்தக் கூட்டம் முடிந்து டீ குடிக்கிற இடத்தில் ஒரு பெரியவர் கையில் தாளே இல்லாமல் நீளமான ஒரு பாட்டைச் சொல்லியிருக்கிறார், இவன் போனை நீட்டிப் பதிவு செய்துவிட்டான். "உனக்குத்தான் குதிரைன்னா உயிராச்சே, கேளு" என்று மட்டும் கீழே எழுதியிருந்தான். அந்த உச்சரிப்பில் பாதி வார்த்தை எனக்குப் பிடிபடவில்லை, ஆனால் இரண்டாவது வரியிலேயே என் கால் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. நடையில் தொடங்கி, ஓட்டத்துக்கு மாறி, அப்புறம் நாலுகால் பாய்ச்சல். பெரியவர் மூச்சு வாங்குகிற இடங்கள்கூட அந்தத் தாளத்துக்குள்ளேயே விழுந்தன. கடைசி நாலு வரியில் குரல் இறங்கி, மெதுவாகி, நின்றேவிட்டது. சுற்றி இருந்தவர்கள் யாரும் கைதட்டவில்லை. யாரோ கோப்பையில் கரண்டியைக் கலக்குகிற சத்தம் மட்டும் கேட்டது, அதோடு பதிவும் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து தாம்பரத்துக்கும் பார்க் ஸ்டேஷனுக்கும் நடுவே ரயிலில் போகிற வருகிற நேரமெல்லாம் இந்தப் பாட்டுகளைத்தான் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் இதை 'புஷ்' கவிதை என்கிறார்கள். புஷ் என்றால் புதர் என்று நம் அகராதி சொல்லும். அங்கே அந்த வார்த்தைக்குப் பட்டணத்தைத் தாண்டிக் கிடக்கிற அத்தனை நிலமும் அடக்கம், வறண்ட மேய்ச்சல் காடு, ஆட்டுப் பட்டி, மாட்டு மந்தை, மந்தையை நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் எல்லாமே. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிட்னியிலிருந்து வந்த 'புல்லட்டின்' என்ற வாரப் பத்திரிகை இந்தப் பாட்டுகளை அச்சில் ஏற்றியது, படித்தவர்கள் மனப்பாடம் செய்துகொண்டு இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து சொன்னார்கள். எதுகையும் சந்தமும் இறுக்கமாக இருப்பது அதற்காகத்தான். புத்தகம் இல்லாத இடத்தில் பாட்டு நாக்கிலேயே தங்கியாக வேண்டும். நம் ஊர்க் கும்மிப் பாட்டும் கதைப்பாட்டும் தங்கியது அப்படித்தானே.

இந்தப் பாட்டுக்காரர்களில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் பாஞ்சோ பேட்டர்சன். ஆஸ்திரேலியாவின் பத்து டாலர் நோட்டில் இன்றும் அவர் முகம் இருக்கிறது. போயர் போருக்கு 1899இல் பத்திரிகைக்காரராகத் தென்னாப்பிரிக்கா போனவர், அங்கே குதிரைகள் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு வந்து, போரில் தேய்ந்துபோன கிழட்டுக் குதிரைகள் கடைசி அணிவகுப்பில் நின்று 'எங்களை ஊருக்குக் கூட்டிப் போங்கள்' என்று கேட்பதுபோல ஒரு பாட்டு எழுதினார். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதற்குப் பிறகு அவர் செய்த காரியம். முதல் உலகப் போர் வந்தபோது ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார், நாடு முழுக்கத் தெரிந்த கவிஞர், வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்திருக்கலாம். அவர் ராணுவத்தின் ரிமவுண்ட் பிரிவில் சேர்ந்தார். போரில் செத்த குதிரைக்குப் பதில் புதுக் குதிரை தயார் செய்து அனுப்புவதுதான் அந்தப் பிரிவின் வேலை. எகிப்தில் இஸ்மாயிலியா பக்கத்தில் மோவாஸ்கர் என்ற இடத்தில் முகாம். கப்பலில் வாரக்கணக்கில் நின்று மிரண்டுபோய் வந்து இறங்குகிற பழகாத குதிரைகளைப் பிடித்து, சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் பழக்கி, கடிக்கிறதை, உதைக்கிறதை, படுத்துப் புரள்கிறதை எல்லாம் சமாளித்து, எவனோ ஒரு இளம் சிப்பாய் நம்பி ஏறுகிற மாதிரி ஆக்கிக் கொடுக்க வேண்டும். முகாமில் இருந்தவர்களில் நிறையப் பேர் வயது கடந்த குதிரைக்காரர்கள், அவர்களைக் கிழவர் படை என்கிற அர்த்தத்தில் கேலிப் பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். பேட்டர்சன் மேஜராக அந்தப் பிரிவை நடத்தி, 1919இல்தான் ஊர் திரும்பினார். குதிரையைப் பற்றி எழுதின கை குதிரைக்குத் தண்ணீர் காட்டின கையாகவும் இருந்தது என்பதால்தான் அவர் வரிகளை நான் நம்புகிறேன்.

குதிரைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவற்றுக்குப் பெயர் 'வேலர்'. நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் அப்படி. முதல் உலகப் போருக்கு மட்டும் 1,30,000க்கும் மேற்பட்ட குதிரைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பல் ஏறின. ஊர் திரும்பியது ஒன்றே ஒன்று. அதன் பெயர் சாண்டி, கலிப்பொலியில் குண்டடிபட்டு 1915 மே மாதம் இறந்துபோன ஜெனரல் பிரிட்ஜஸின் குதிரை.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு சின்ன உறவும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் வந்து மெட்ராஸ் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போனது நமக்கெல்லாம் தெரியும், இன்றைக்கும் வீட்டில் சேட்டை செய்கிற பையனை 'சரியான எம்டன்' என்கிறோம். அந்த நவம்பர் 1ஆம் தேதி ஆல்பனி துறைமுகத்திலிருந்து ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளின் முதல் கப்பல் வரிசை கிளம்பியது, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளோடு. அதற்குக் காவலாக வந்த கப்பல்களில் ஒன்றான 'சிட்னி'தான் நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவில் எம்டனை அடித்து நொறுக்கியது. மெட்ராஸை மிரட்டிய கப்பல் கரைதட்டிக் கிடந்தபோது, கொஞ்ச தூரத்தில் இருட்டுக் கப்பல் தளங்களில் அந்தக் குதிரைகள் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்திருக்கும்.

இந்தப் பாட்டுகளில் சண்டை வருகிற இடங்களை நான் வேகமாகத் தாண்டிவிடுகிறேன். 1917 அக்டோபர் 31இல் பாலஸ்தீனத்தின் பீர்ஷெபாவில், நாளெல்லாம் தண்ணீர் காணாத குதிரைகளில் ஏறி, பயனெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்திரேலியக் குதிரைப் படையினர் கிட்டத்தட்ட 800 பேர் பாய்ந்து போய்க் கிணறுகளோடு ஊரைப் பிடித்தார்கள். பெரிய விஷயம்தான், நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது நடுவில் வருகிற சின்ன வேலைகள். நாலு பேர் ஒரு பிரிவு. சண்டை என்றால் மூன்று பேர் இறங்கித் துப்பாக்கியோடு ஓடுவார்கள், நாலாவது ஆள் நாலு குதிரையையும் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும். தலைக்கு மேலே குண்டு போய்க்கொண்டிருக்கும்போது மிரளுகிற நாலு குதிரையை ஒருவன் பிடித்துக்கொண்டு நிற்கிறான், என்ன பேசியிருப்பான் அவற்றோடு? ஆள், சேணம், துப்பாக்கி, தோட்டா, தீவனம் என்று ஒரு குதிரை சுமந்தது சுமார் 130 கிலோ. எந்த ஊரில் நின்றாலும் முதலில் குதிரைக்குத் தண்ணீர், குதிரைக்குத் தீவனம், குளம்பில் கல் சிக்கியிருக்கிறதா என்று தூக்கிப் பார்ப்பது, முதுகில் சேணம் உரசிய புண் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது, அப்புறம்தான் தன் வயிறு. பாலைவனத்தில் மூன்று வருடம் இதே. இப்படி வாழ்ந்தவனுக்குக் குதிரை ஆயுதக் கணக்கில் வராது, வீட்டுக் கணக்கில்தான் வரும்.

போர் முடிந்ததும் குதிரைகளை ஊருக்குக் கொண்டுபோக முடியாது என்று உத்தரவு வந்தது. நோய்த் தொற்றுப் பயம் ஒரு காரணம். அப்போது மீதமிருந்தவை சுமார் 13,000. சிட்னிக்காரர் ஆலிவர் ஹோக், 'ட்ரூப்பர் புளூகம்' என்ற பெயரில் எழுதியவர், குதிரைப் படையில் இருந்தவர், இதைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். கெய்ரோத் தெருவில் என் குதிரையை எவனோ அடித்து ஓட்டுவான், மரக் கலப்பையில் பூட்டுவான், அதைப் பார்ப்பதற்குப் பதில் நானே சுட்டுவிட்டு, பொந்தில் கால் மாட்டி விழுந்து செத்தது என்று பொய் சொல்லிவிடுவேன், தண்டனை கொடுத்தாலும் பரவாயில்லை என்று ஒரு சிப்பாய் தனக்குள் பேசிக்கொள்கிறான். அவ்வளவுதான் பாட்டு. ஹோக் 1919 மார்ச் மாதம் லண்டனில் இன்புளூயன்சாவில் இறந்துபோனார், குதிரையும் திரும்பவில்லை, பாட்டுக்காரரும் திரும்பவில்லை. அந்தப் பாட்டு மட்டும் திரும்பிப் போய் ஊர் ஊராகப் பரவியது. எவ்வளவு பரவியது என்றால், எல்லாச் சிப்பாய்களும் தங்கள் குதிரையைத் தாங்களே சுட்டுவிட்டு அழுதுகொண்டே கப்பல் ஏறினார்கள் என்று அங்கே தலைமுறை தலைமுறையாக நம்பும் அளவுக்கு.

நடந்தது வேறு. வயதானவை, நோய்ப்பட்டவை என்று சுமார் 2,000 குதிரைகளை ராணுவமே பிரித்தெடுத்து, லாடத்தைக் கழற்றி, பிடரிமுடியையும் வால்முடியையும் வெட்டி எடுத்துவிட்டு, சுட்டுக் கொன்றது. லாடத்துக்கும் முடிக்கும் விலை இருந்தது. மற்ற 11,000 குதிரைகள் விற்கப்பட்டன. ஹோக்கின் பயம் வீண் பயமும் அல்ல. 1930இல் கெய்ரோவுக்கு வந்த டோரதி புரூக் என்ற ஆங்கிலேயப் பெண், எலும்பும் தோலுமாக வண்டி இழுத்துக்கொண்டிருந்த பழைய பிரிட்டிஷ் படைக் குதிரைகளைக் கண்டு தாங்காமல், பணம் திரட்டி அவற்றை விலைக்கு வாங்கிக் காப்பாற்ற ஆரம்பித்து, 1934இல் அங்கேயே ஒரு குதிரை ஆஸ்பத்திரி தொடங்கினார்.

ஆனால் அந்த 11,000இல் பெரும்பாலானவை போன இடம் எது தெரியுமா? இந்தியா. இங்கிருந்த பிரிட்டிஷ் படைக்கு. ரயிலில் இதைப் படித்தபோது சைதாப்பேட்டை வந்திருந்தது, நான் அப்படியே போனை மடியில் வைத்துவிட்டேன். அந்தப் பாட்டுகள் எல்லாம் எகிப்துக் கரையில் முடிந்துவிடுகின்றன. சிப்பாய் கப்பல் ஏறுகிறான், குதிரை கரையில் நிற்கிறது, திரை விழுகிறது. குதிரையின் கதை அங்கே முடியவில்லை. அது இன்னொரு கப்பலில் ஏறி இன்னொரு நாட்டுக்கு வந்து இறங்கியது, இன்னொருவன் அதன் கயிற்றைப் பிடித்தான், அவன் நம் ஆள். அவனைப் பற்றித்தான் பாட்டு இல்லை.

என் கொள்ளுத்தாத்தா பரங்கிமலையில் பீரங்கிப் படையின் லாயத்தில் குதிரைக்காரர். தாத்தாவும் சின்னப் பையனாக அங்கேதான் வேலை பழகினார், பிறகு கிண்டி ரேஸ் குதிரைகளிடம் போய்விட்டார். குதிரைக்காரரை 'சயிஸ்' என்பது வடக்கத்தி வழக்கு, மெட்ராஸில் வெள்ளைக்காரர்கள் 'ஹார்ஸ்கீப்பர்' என்றார்கள். ஒரு குதிரைக்கு ஒரு குதிரைக்காரர், புல் அறுத்து வர இன்னொரு ஆள், பல வீடுகளில் அந்த இன்னொரு ஆள் குதிரைக்காரரின் மனைவி. எங்கள் கொள்ளுப்பாட்டியும் புல் அறுத்தவர்தான். தாத்தா சொல்லும் கதைகளில் 'வேலரு குதிரை' என்று ஒன்று வந்துகொண்டே இருக்கும். நான் ரொம்ப நாள் அதை மண்குதிரை என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் அம்மா ஊர்ப் பக்கம் அய்யனாருக்குக் குதிரை செய்கிறவர்கள் வேளார், புரவி எடுப்புக்கு அவர்கள் சூளையிலிருந்துதான் குதிரை தூக்கி வருவார்கள், அந்த வேளார் செய்த குதிரை எப்படிக் கொள்ளு தின்னும், எப்படி லாடம் கட்டிக்கொள்ளும் என்று ஏழு வயதில் மண்டையைக் குடைந்துகொண்டது நன்றாக நினைவிருக்கிறது. அது ஆஸ்திரேலியக் குதிரை என்று தெரிய இத்தனை வருடம் ஆகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டிலேயே அந்தக் குதிரைகளை மெட்ராஸில் இறக்கினார்கள், மெட்ராஸ் ராணுவத்தின் ரிமவுண்ட் டிப்போ ஓசூர் மத்திகிரியில் இருந்தது, இப்போது அரசு கால்நடைப் பண்ணையாக இருக்கிறதே, அதே இடம். மோவாஸ்கரில் பேட்டர்சனின் ஆட்கள் செய்த அதே வேலையை, அவர்களுக்கு முன்னால் பல பத்து வருடங்களாக நம் ஆட்கள் இங்கே செய்துகொண்டிருந்தார்கள்.

தாத்தா சொன்னதில் ஒன்றை மட்டும் என்னால் அப்படியே திருப்பிச் சொல்ல முடியும், ஏனென்றால் அவர் அதைச் சொல்லவில்லை, வரைந்து காட்டினார். வேலர் குதிரையின் தோளில் சூடு போட்ட எழுத்து இருக்குமாம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொம்புத் தண்ணீரில் விரலை நனைத்து, சிவப்புச் சிமெண்ட் தரையில் ஒரு கோடு, அதன் தலையில் இரண்டு பக்கமும் சாய்ந்து இறங்குகிற இரண்டு கோடு போட்டார். காயும் முன்னால் பார்த்துக்கொள் என்பதுபோல என்னைப் பார்த்தார். அது என்ன எழுத்து என்று அப்போது எனக்கும் தெரியவில்லை. அம்புக்குறி, அரசாங்கச் சொத்துக்குப் பிரிட்டிஷ் ராணுவம் போடுகிற முத்திரை என்று இப்போது தெரிகிறது. தாத்தா எழுதி நான் பார்த்த ஒரே எழுத்து அதுதான். அவர் அப்பா காலையில் கொள்ளு வைத்து, முழங்கையால் அழுத்தித் தேய்த்து, சுழி பார்த்து, ஈ ஓட்டிய அந்தக் குதிரைகளில் ஒன்றாவது பாலஸ்தீன மணலில் ஓடிவிட்டு வந்ததாக இருக்கலாம் என்று நினைக்க எனக்கு ஆசையாக இருக்கிறது. யாரோ ஒரு சிப்பாய் கெய்ரோவில் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுத குதிரை, இங்கே வந்து எங்கள் வீட்டு மனிதர் கையில் மூக்கை வைத்திருக்கும்.

சரி, நம்மிடம் பாட்டு இல்லையா என்றால், இந்த வகைப் பாட்டை உலகத்துக்கு முன்னால் எழுதி வைத்திருப்பவர்களில் நாமும் உண்டு. புறத்திணையில் 'குதிரை மறம்' என்று ஒரு துறையே இருக்கிறது. புறநானூற்றில் 273ஆம் பாட்டு, எருமை வெளியனார் பாடியது, ஏழே வரி. "மா வாராதே, மா வாராதே, எல்லார் மாவும் வந்தன" என்று தொடங்கும். போர் முடிந்து ஊரார் குதிரையெல்லாம் வந்துவிட்டது, குடுமி வைத்த சின்னப் பிள்ளையை எனக்குத் தந்தவன் ஏறிப்போன குதிரை மட்டும் வரவில்லை, இரண்டு பெரிய ஆறு கூடுகிற இடத்தில் குறுக்கே நின்ற பெருமரம் சாய்வதுபோல அதுவும் சாய்ந்துவிட்டதோ என்று ஒரு பெண் வாசலில் நின்று கேட்கிறாள். கணவன் என்ன ஆனான் என்று அவள் வாயைத் திறந்து கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? குதிரையைத்தான் கேட்கிறாள். பள்ளியில் இதைப் பொருள் விளக்கத்தோடு படித்து மார்க் வாங்கியிருக்கிறேன், ஆனால் பெர்த்துப் பெரியவரின் குரல் கடைசி நாலு வரியில் இறங்கி நின்றதே, அதைக் கேட்ட பிறகுதான் இந்தப் பாட்டு எனக்குள் இறங்கியது. சிட்னியில், பாலைவனத்தில் சண்டை போட்ட குதிரைப் படையினர் தங்கள் குதிரைகளுக்காக 1950இல் ஒரு நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். காயம், தாகம், பசி, களைப்பு எல்லாவற்றையும் தாங்கின என்று எழுதிவிட்டு, அவை வீடு திரும்பவில்லை என்று அதில் ஒரு வரி. மா வாராதே. இரண்டாயிரம் வருட இடைவெளி, நடுவில் ஒரு பெருங்கடல், அதே வார்த்தை.

இன்னொன்று 299ஆம் பாட்டு, பொன்முடியார். பருத்தியை வேலியாகக் கொண்ட சின்ன ஊர்த் தலைவனின் குதிரை தின்றது உழுந்துச் சக்கை. நெய்ச்சோறு தின்று வளர்ந்து, மாலை போட்டுக்கொண்டு, பிடரி கத்தரித்து அழகாக நிற்கிற பெரிய மன்னரின் குதிரைகள் போர்க்களத்தில் ஒதுங்கி நிற்கும்போது, இந்தச் சக்கை தின்ற குதிரை கடலைக் கிழிக்கிற தோணிபோலப் படையைப் பிளந்துகொண்டு போகிறது. வேலர் குதிரையைப் பற்றி ஆஸ்திரேலியர்கள் மார்தட்டுவதும் இதையேதான், வறண்ட புல்லைத் தின்று வளர்ந்த எங்கள் காட்டுக் குதிரை, லாயத்தில் தானியம் தின்று வளர்ந்த குதிரை விழுந்த பாலைவனத்தில் நின்று காட்டியது என்று. பொன்முடியாரின் பாட்டை அந்தப் பெரியவருக்கு யாராவது மொழிபெயர்த்துச் சொன்னால் சந்தோஷப்படுவார்.

அப்புறம் தேசிங்கு ராஜன் கதை. செஞ்சியில் 1714இல் ஆற்காட்டு நவாப் படையோடு மோதிச் செத்த இளைஞன், அவன் குதிரை பாராசாரி, அவன் நண்பன் மோவுத்துக்காரனின் குதிரை நீலவேணி. வட ஆற்காடு, தென் ஆற்காடு ஊர்களில் விடிய விடியப் பாடிய கதைப்பாட்டு. பேட்டர்சன் கேட்டிருந்தால் தன் ஊர்ப் பாட்டு என்றே நினைத்திருப்பார். ஆனால் இவை எல்லாவற்றிலும் குதிரை மேல் உட்கார்ந்தவனைத்தான் பாடியிருக்கிறோம். காலடியில் உட்கார்ந்து குளம்பைத் தூக்கிப் பார்த்தவனை நாம் பாடவில்லை. கலிப்பொலியில் குண்டு மழையில் கோவேறு கழுதைகளில் தண்ணீரும் தோட்டாவும் ஏற்றிப் போனவர்களில் இந்தியர்கள் நிறைய, 1918 செப்டம்பர் 23இல் பாலஸ்தீனத்தின் ஹைஃபாவைப் பிடித்ததில் ஜோத்பூர்க் குதிரைப்படையோடு பக்கத்து மைசூர்க் குதிரைப்படையும் உண்டு. டில்லியில் தீன்மூர்த்தி சிலையாக அவர்கள் நிற்கிறார்கள். நம் மொழியில் அவர்களைப் பாடிய ஒரு பாட்டை நான் இதுவரை படித்ததில்லை. புஷ் கவிதையில் நான் மதிப்பது இந்த இடத்தைத்தான். குதிரையைப் பழக்கினவன், லாடம் அடித்தவன், பிடித்துக்கொண்டு நின்ற நாலாவது ஆள், எல்லோருக்கும் அதில் வரி இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை மெரினா போயிருந்தேன். கண்ணகி சிலைக்குப் பின்னால் மணலில் குதிரைச் சவாரிக்காரர்கள் நிற்பார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு பையன், இருபது வயது இருக்கும், செவலைக் குதிரையின் வலது முன்னங்காலை மடக்கித் தன் தொடை மேல் வைத்துக்கொண்டு ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரால் குளம்பில் அடைந்திருந்த ஈர மணலையும் ஒரு கிளிஞ்சல் துண்டையும் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தான். குதிரை தன் எடையில் கொஞ்சத்தை அவன் முதுகில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தது. நான் பின்பக்கமாக நெருங்கப் போனேன். "அண்ணா, தோள் பக்கமா வாங்க, அது உங்களைப் பார்க்கணும்" என்றான், தலையை நிமிர்த்தாமலே. தாத்தா சொன்ன அதே வார்த்தை. இடது தோள் பக்கம் போய் நின்று கையை நீட்டினேன், அது மூக்கை வைத்து முகர்ந்தது, சூடான மூச்சு, வேகவைத்த கொள்ளு வாசனை. காலையில் கொள்ளு வைத்தாயா என்று கேட்டேன். "கொள்ளும் தவிடும்ணா. அதுக்கு வச்சுட்டுத்தான் நாங்க சாப்புடுவோம்" என்றான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் உட்கார்ந்தேன். தாத்தா கடைசி ஒரு வருடம் படுக்கையில் இருந்தபோது எங்கள் பெயரெல்லாம் மறந்துபோனது, ஆனால் ராத்திரி தூக்கம் வராவிட்டால் பரங்கிமலை லாயத்துக் குதிரைகளின் பெயரை வாசலிலிருந்து வரிசையாகச் சொல்வார், ஒரே ராகத்தில், ஒன்று விடாமல். அதை எழுதி வைத்துவிட வேண்டும் என்று நோட்டை எடுத்தேன். சுல்தான், பெரிய ராணி, சின்ன ராணி, ஜாக்கு, ஒத்தைக் காது, மேஜர் என்று ஆறு வந்தது. மேஜருக்கு அப்புறம் ஒரு பெயர் உண்டு, அங்கே தாத்தா ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சொல்வார், அந்த மூச்சு எனக்கு நினைவிருக்கிறது, பெயர் வரவில்லை. அம்மா ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். "பேரு தெரியலடா. அது தண்ணியில மொகத்த வுட்டு வெளையாடும்னு சொல்லுவாரு" என்றாள். ஏழாவது வரியில் அதை எழுதிவிட்டு எட்டாவதுக்குப் போனோம். எட்டாவது வேலரு.